பாதி பில்லை யார் கட்டணும்?

வெயிலில் நிறுத்தின காருக்குள்ள ஒரு நாய் மூச்சு வாங்கிட்டுக் கிடக்கு. கதவு பூட்டியிருக்கு, ஓனரைக் காணோம். கண்ணாடியை உடைக்கலாமா? அமெரிக்காவில் சில மாநிலங்களில் இதுக்குன்னே சட்டம் இருக்கு. 2015-ல் டென்னஸி ஆரம்பிச்சு வெச்சது. நல்லெண்ணத்தோடு உடைச்சவர் மேல நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது. அடுத்த வருஷமே ஃப்ளோரிடாவும் கலிஃபோர்னியாவும் சட்டம் போட்டாச்சு.

2017-ல் இந்தியானாவும் போட்டது. அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. காப்பாத்தினவர் ரிப்பேர் செலவில் பாதியைக் கொடுக்கணுமாம்!

பி.காம் மக்களே, பிசினஸ் லா பேப்பர் ஞாபகம் இருக்கா? (அரியர் வெச்சவங்களுக்கு நல்லாவே இருக்கும்.) நம்ம நாட்டு 1872 ஒப்பந்தச் சட்டம், பிரிவு 70. அடுத்தவர் பொருளைத் தீயிலிருந்து இலவசமா காப்பாத்தினவர் அப்புறம் காசு கேட்க முடியாதுன்னு ஒரு உதாரணம் வரும். சரி, நியாயம். ஆனா கூலி கிடையாதுன்னு சொல்றது வேற, கையில பில்லைத் திணிக்கிறது வேற.

அதென்ன கணக்கு, பாதி? பார்ட்னர்ஷிப்பில் லாபத்தில் பங்கு உள்ளவனுக்கு நஷ்டத்திலும் பங்கு. இங்க பிழைச்ச நாய் முழுசா ஓனருக்கு. பூட்டிட்டுப் போன தப்பும் முழுசா அவரோடது. வழியில போனவர் இதில எப்போ கூட்டாளி ஆனார்?

"அப்படி விட்டா ஆளாளுக்குக் கண்ணாடியை உடைப்பாங்க"ன்னு சிலர் சொல்றாங்க. அந்த பயம் நியாயமானதுதான். இப்போ ஏ.சி.யை ஓட விட்டுட்டு, உள்ளே இத்தனை டிகிரின்னு திரையில காட்டுற கார்கூட இருக்கு, அதையும் ஒருத்தர் அவசரப்பட்டு உடைக்கலாம். அதுக்குத்தான் கலிஃபோர்னியா நிபந்தனை வெச்சிருக்கு: கார் பூட்டியிருக்கணும், வேற வழி இருக்கக்கூடாது, முதல்ல போலீஸுக்கோ தீயணைப்புக்கோ சொல்லணும், தேவைக்கு மேல உடைக்கக்கூடாது, அவங்க வர்ற வரைக்கும் அங்கேயே நிக்கணும். பொறுப்பில்லாதவனை வடிகட்ட இது போதும். பாதி பில் வடிகட்டுறது காசில்லாதவனை மட்டும்தான்.

காசை யோசிச்சுத் தயங்குற நேரம் சும்மா இல்லை. ஸ்டான்ஃபோர்டில் செய்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில், வெயிலில் நின்ன காருக்குள்ள ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியா 22 டிகிரி செல்சியஸ் ஏறிச்சு. அதில் 80 சதவீதம் முதல் அரை மணியிலேயே. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வெச்சும் பெரிய பிரயோஜனம் இல்லை. நாய் உடம்பைக் குளிர வைக்கிறது பெரும்பாலும் மூச்சிரைச்சுத்தான், சுத்தியுள்ள காத்தே சூடானா அதுவும் எடுபடாது.

இந்தியானா அந்த ஒரு வரியை எடுத்துட்டு, பில்லை முழுசா ஓனர் கணக்கில் டெபிட் பண்ணட்டும்.