சூரியனின் உண்மையும் ஒரு மூத்தவரின் கடிதமும்

சூரியன் எதனால் ஒளிர்கிறது என்ற வினா மிகப் பழையது. அதற்கு முழுமையான விடை கிடைத்து இன்னும் நூறு ஆண்டுகள் ஆகவில்லை. அவ்விடையை நோக்கிய பாதையில் ஓர் இளம் பெண் கண்டறிந்த உண்மை நான்கு ஆண்டுகள் ஒதுக்கிவைக்கப்பட்டது. அந்த வரலாற்றை நாம் அனைவரும் ஒருமுறை எண்ணிப்பார்ப்பது நல்லது.

விண்வெளியில் பரந்து கிடக்கும் குளிர்ந்த வாயு மேகத்தின் ஒரு பகுதி தன் ஈர்ப்பினாலேயே சுருங்குகிறது. சுருங்கச் சுருங்க அதன் மையம் வெப்பமடைகிறது. வெப்பநிலை ஏறத்தாழ ஒரு கோடி பாகையை எட்டும்போது ஐதரசன் (ஹைட்ரஜன்) அணுக்கருக்கள் இணைந்து ஈலியமாக மாறத் தொடங்குகின்றன. விண்மீன் பிறந்துவிடுகிறது. நான்கு ஐதரசன் கருக்களின் மொத்தத் திணிவைவிட ஓர் ஈலியக் கருவின் திணிவு சற்றே குறைவு. அந்தக் குறைவே சக்தியாகிறது. சூரியன் செக்கனுக்குச் சுமார் 60 கோடி தொன் ஐதரசனை இவ்வாறு மாற்றுகிறது. அதில் 40 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட திணிவு சக்தியாக வெளிப்படுகிறது.

இத்தகைய மாற்றம் நிகழக்கூடும் என்று 1920இலேயே ஆர்தர் எடிங்டன் கூறியிருந்தார். ஆனால், பூமியில் உள்ள மூலகங்களே ஏறத்தாழ அதே விகிதத்தில் சூரியனிலும் உள்ளன என்பது அக்கால அறிஞர்களின் நம்பிக்கை. இரும்பு போன்ற உலோகங்கள் அங்கு மிகுதி என்றே கருதினர்.

இங்கிலாந்தில் பிறந்த செசிலியா பெய்ன் கேம்பிரிட்ஜில் கற்றவர். அங்கு அன்று பெண்கள் படிக்கலாம்; பட்டம் பெற முடியாது. 1923இல் அவர் அமெரிக்காவின் ஹார்வர்ட் வானாய்வகத்துக்குச் சென்றார். இந்திய அறிஞர் மேகநாத் சாகா 1920இல் வெளியிட்ட அயனாக்கக் கோட்பாட்டின் துணையுடன், அங்கு சேமிக்கப்பட்டிருந்த விண்மீன் நிறமாலைகளை ஆராய்ந்தார். நிறமாலையில் ஒரு மூலகத்தின் கோடு வலுவாகத் தெரிவதால் மட்டும் அது மிகுதியாக உள்ளதெனக் கொள்ளமுடியாது. வெப்பநிலையையும் கணக்கிட வேண்டும். அவ்வாறு கணக்கிட்டபோது, ஐதரசன் உலோகங்களைவிடப் பத்து இலட்சம் மடங்கு மிகுதி என்று தெரியவந்தது.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி நோரிஸ் ரசல் அன்றைய வானியலின் பெருந்தலைகளில் ஒருவர். இது நடக்கவே முடியாதது என்று 1925 ஜனவரியில் அவர் பெய்னுக்குக் கடிதம் எழுதினார். அப்போது பெய்னுக்கு வயது 24. அந்த அளவு பெரும்பாலும் உண்மையாக இராது என்று அவர் தம் ஆய்வேட்டில் தாமே எழுதிச் சேர்த்தார். 1929இல் ரசலும் தம் சொந்த ஆய்வின் வழியே அதே முடிவுக்கு வந்தார். 1939இல் ஹான்ஸ் பெத்தே அணுக்கரு இணைவின் படிமுறைகளை விளக்கினார்.

ரசல் நேர்மையற்றவர் அல்லர். தம் கட்டுரையில் பெய்னின் ஆய்வைக் குறிப்பிட்டே எழுதினார். ஐயுறுவதும் தவறன்று. ஆனால் கணக்கில் எங்கே பிழை என்று அவர் காட்டவில்லை. எல்லோரும் நம்புவதற்கு மாறானது என்பதே அவருக்குப் போதுமாயிருந்தது. தாம் சரியென்று நம்பியும் பணிந்துபோனது தம் குற்றமே என்று பெய்ன் பிற்காலத்தில் எழுதினார். அதனை நான் ஏற்கமாட்டேன். பட்டத்துக்குக் காத்திருந்த மாணவியைவிட, அவருடைய எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் நிலையிலிருந்த மூத்தவருக்கே பொறுப்பு அதிகம்.

இதைச் சொல்லும் தகுதி எனக்குக் குறைவு. ஆசிரியபீடத்தில் இருந்த காலத்தில், வெள்ளத்தால் இடம்பெயர்ந்த குடும்பங்களை ஊரூராகச் சென்று எண்ணி அனுப்பினார் ஓர் இளம் நிருபர். அதிகாரிகள் தந்த தொகை அதைவிட மிகக் குறைவு. நான் அதிகாரிகளின் தொகையையே அச்சேற்றினேன். நிருபரின் கணக்கே சரியென்று பின்னர் தெரிந்தது. அவர் எதுவும் கூறவில்லை. ஆனால் அடுத்த வெள்ளத்தின்போது எண்ணிப் பார்க்கச் செல்லவில்லை; அதிகாரிகளின் தொகையையே அனுப்பினார்.

இளையவர் ஒருவர் நம்பமுடியாத முடிவோடு வந்தால், மூத்தோர் முதலில் அவருடைய கணக்கை வாங்கிப் பார்க்கட்டும். பிழை இருந்தால் காட்டட்டும். காட்ட முடியாவிட்டால் வழிவிடட்டும்.