பச்சோந்திக்கும் இரவு வேண்டும்

இலண்டனில் வாழும் என் பெறாமகனுக்கு வயது பத்து. பிறந்தநாட் பரிசாக அவனுக்கு யேமன் நாட்டு இனப் பச்சோந்தி ஒன்று கிடைத்தது. மூன்று மாதங் கழித்துத் தொலைபேசியில் அழைத்தான். “பெரியப்பா, அது பகலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறது. வெட்டுக்கிளியைக் காட்டினாலும் நாக்கை நீட்டுவதில்லை” என்று விம்மினான்.

“இரவில் விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பாய்?” என்று வினவினேன்.

“அணைப்பதேயில்லை. இருட்டில் அது பயந்துவிடுமே! சிவப்பு மின்குமிழ் விடிய விடிய எரியும்.”

அன்பினாற் செய்த பிழை, நேயர்களே! பகலிற் கண்மூடிக் கிடக்கும் பச்சோந்தி பெரும்பாலும் நோயுற்றதாகவே இருக்கும். ஆகவே, முதலில் மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லும்படி தம்பிக்குச் சொன்னேன். அதன் எலும்புகள் மெலிந்து, முன்னங்கால் ஒன்று வளைந்திருப்பதை வைத்தியர் கண்டார். யன்னலோரத்து வெயில் போதுமென்று வீட்டார் எண்ணியிருந்தனர். ஆனால், உயிர்ச்சத்து ‘டி’ உண்டாவதற்கு வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அச்சத்து இல்லையேல் உணவிலுள்ள கல்சியம் எலும்பிற் சேராது.

இனி விளக்கு முறையைக் கூறுவேன். யேமன் மலைநாட்டில் ஆண்டு முழுவதும் பகற்பொழுது ஏறக்குறைய 11 மணி முதல் 13 மணி நேரம் வரையே. இலண்டனிலோ மாரியில் 8 மணி நேரமாகச் சுருங்கும். கோடையில் 16 மணி நேரத்துக்கு மேல் நீளும். எனவே யன்னலை நம்பலாகாது. காலை 7 மணிக்கு ஏற்றி, மாலை 7 மணிக்கு அணைத்தல் நன்று. நேர ஆளி ஒன்றைப் பூட்டிவிட்டால் மறதிக்கு இடமில்லை. புற ஊதாக் குழல்விளக்கு கண்ணுக்குப் பிரகாசமாகத் தோன்றினாலும் அதன் கதிர்வலு நாளடைவிற் குன்றும். குறித்த காலத்தில் மாற்றுதல் வேண்டும்.

இரவில் ஒரு விளக்கும் வேண்டியதில்லை. சிவப்பொளியும் அதன் உறக்கத்தைக் கலைக்கக் கூடும். மலைநாட்டு இரவு குளிர்ந்ததாகையால் வீட்டறையின் சாதாரணக் குளிர்ச்சி அதற்கு ஏற்றதே. கூட்டைத் தொலைக்காட்சி இருக்கும் மண்டபத்தில் வையாமல், ஓசையற்ற அறையில் வைத்துத் தடித்த திரை இடுக.

நம் நாட்டின் உலர் வலயத்திலும் பச்சோந்தி உண்டு. அது சட்டத்தாற் காக்கப்படுவது. பிடித்து வளர்க்க முற்படாதீர்கள். வேலியோரத்திற் கண்டால் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு அப்பாற் செல்லுங்கள்.

இப்போது பெறாமகனின் பச்சோந்தி வெட்டுக்கிளியைப் பிடிக்கிறது. வளைந்த கால் மட்டும் நிமிரவில்லை. இனி நிமிராது என்கிறார் வைத்தியர். “என்னால்தானே, பெரியப்பா?” என்று கேட்டான். இல்லையென்று பொய் சொல்ல மனம் வரவில்லை. “இனி ஒவ்வோர் இரவும் அதற்கு இருளைக் கொடு” என்றேன். மாலை ஏழு மணிக்குத் தானே சென்று திரையை இழுத்து விடுகிறானாம்.