கருங்கடலின் ஆளில்லாப் படகுகளும் கடற்சட்டமும்

2022 ஒக்டோபர் 29 ஆம் திகதி அதிகாலை, கிரைமியாவின் செவஸ்தொபோல் துறைமுகத்தை நெருங்கிய உக்ரைனின் சிறு படகுகள் சில ரஷ்யக் கருங்கடற் படையின் கப்பல்களைத் தாக்கின. அப்படகுகளில் ஒருவரும் இருக்கவில்லை. அன்று அதனைத் தனியொரு சம்பவமாகக் கருதியோரும் உளர். ஆயின் 2023 யூலையில் கேர்ச் பாலம் தாக்கப்பட்டது. ஆகஸ்டில் நொவொரொசிஸ்க்கிற்கு அருகே ஒலெனெகோர்ஸ்கி கோர்ன்யாக் என்ற தரையிறக்கக் கப்பல் பலத்த சேதமுற்றது. 2024 இன் முதல் மூன்று மாதங்களுள் ஏவுகணைக் கலமான இவனோவெற்ஸ், தரையிறக்கக் கப்பலான சீசர் குனிகோவ், ரோந்துக் கப்பலான சேர்கே கோட்டொவ் ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலுக்குள் சென்றன.

இவற்றிற் பெரிதும் பேசப்படும் ‘மகுரா’ படகு ஐந்தரை மீற்றர் நீளமே உடையது. நீர்மட்டத்தோடு ஒட்டி ஓடுவதால் ரேடார்த் திரையில் எளிதிற் சிக்காது. ஏறத்தாழ 300 கிலோ வெடிமருந்தைச் சுமந்து நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் செல்லவல்லது. போரின் தொடக்கத்திலேயே தனது முதன்மைக் கப்பலைத் தானே மூழ்கடிக்க நேர்ந்த ஒரு நாடு, இத்தகைய படகுகளைக் கொண்டு வல்லரசொன்றின் கடற்படையை மேற்குக் கருங்கடலிலிருந்து பின்வாங்கச் செய்தது. இதிற் படகுகளின் பங்கை மிகைப்படுத்தலும் ஆகாது. ‘மொஸ்க்வா’வை 2022 ஏப்ரலில் வீழ்த்தியவை கரையிலிருந்து ஏவப்பட்ட ஏவுகணைகளே. துருக்கி நீரிணைகளைப் போர்க்கப்பல்களுக்கு மூடியமையால், இழந்த கப்பல்களுக்கு ஈடாக வேறு கப்பல்களை ரஷ்யாவால் அங்கே கொண்டுவர இயலவில்லை. எனினும் 2023 ஆகஸ்டில் உக்ரைன் தானே திறந்த தானியக் கப்பற்பாதை நிலைத்தமைக்கு இப்படகுகள் முக்கிய காரணம் என்பதை மறுப்பதற்கில்லை.

வெடிமருந்துப் படகு கடற்படைக் கப்பலை மூழ்கடிப்பது, 1990களில் இலங்கையின் வடகிழக்குக் கடலை அறிந்த எமது வாசகருக்குப் புதிய செய்தியன்று. அங்கே படகைச் செலுத்தியவரும் அதனோடு மடிந்தார். இங்கே செலுத்துபவர் தொலைவில், கரையில், திரையொன்றின் முன் அமர்ந்திருக்கிறார். வேறுபாடு அதுவே. அது சிறிய வேறுபாடன்று.

செலுத்துபவரையும் படகையும் பிணைப்பது செய்மதித் தொடர்பு. அத்தொடர்பு அறுந்தாற் படகு வெறும் மிதவை. எனவே எதிரி முதலிற் குறிவைப்பது வானலைகளையே. அலைகள் குழப்பப்படும்போது, இலக்கைத் தானே இனங்கண்டு தானே முடிவெடுக்கும் படகு வேண்டும் என்ற எண்ணம் இயல்பாகவே எழுகின்றது. தன்னியக்கத்தை நோக்கிய ஓட்டத்திற்கு விஞ்ஞானிகளின் ஆர்வத்தைக் காட்டிலும் இத்தேவையே பெரிய உந்துதல் என்பது என் கணிப்பு. அமெரிக்காவில் 2016 இல் வெளிவந்த ‘சீ ஹன்ரர்’, ஏறத்தாழ 40 மீற்றர் நீளக் கலம், சில காலத்தின் பின் சான் டியாகோவிலிருந்து ஹவாய்க்குச் சென்று மீண்டது. இவ்வாயுதம் ஒரு தரப்பினரிடம் மட்டும் தங்கவுமில்லை. 2024 யூனில் செங்கடலில் ஹூதிகளின் ஆளில்லாப் படகு ‘ரியூட்டர்’ என்ற சரக்குக் கப்பலைத் தாக்க, அது சில நாட்களில் மூழ்கியது. 2025 ஆகஸ்டில் தன்யூப் முகத்துவாரத்தில் உக்ரைனியக் கப்பலொன்றை ரஷ்யா இதே முறையிலே தாக்கியது.

இனிச் சட்டத்திற்கு வருவோம். விரிவுரையாளனாக இருந்த காலத்தில் நான் மாணவருக்கு விரும்பி விளக்கிய உறுப்புரை ஒன்றுண்டு. அது 1982 ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையின் 98 ஆவது உறுப்புரை. கடலில் உயிராபத்திற் சிக்கிய எவருக்கும், தன் கப்பலுக்கும் அதிலுள்ளோர்க்கும் பாரிய ஆபத்தின்றி இயலுமளவில், கப்பலின் தலைவர் உதவ வேண்டும் என்று ஒவ்வொரு நாடும் விதிக்க வேண்டும் என்கின்றது அது. ஆபத்திற் சிக்கியவர் யார், எந்நாட்டவர், ஏன் கடலேறினார் என்ற கேள்வி அதில் இல்லை. எம்மிற் பலர் இன்று உயிரோடிருப்பது அக்கேள்வி கேட்கப்படாமையாலேயே.

ஆனால் அக்கடமை ஒரு மனிதர் மீது, கப்பலின் தலைவர் மீது, சுமத்தப்பட்டுள்ளது. மோதல் தவிர்ப்பு விதிகளும், கண்ணாலும் காதாலும் இடையறாது கண்காணிக்க வேண்டும் என்றே கூறுகின்றன. தலைவரற்ற கலத்தில் அக்கடமை யாரைச் சாரும்? கரையிலுள்ள இயக்குநரையா, அவருடைய அதிகாரியையா, கணிப்பொறிக்கு விதிகளை எழுதியவரையா? சர்வதேசக் கடல்சார் அமைப்பு வகுக்க முனைந்த விதிகள் சரக்குக் கப்பல்களை மனத்திற்கொண்டவை. கடற்படைக் கலங்களை அவை கட்டுப்படுத்தா.

போர்க்காலத்திற்கும் சட்டம் உண்டு. ஒவ்வொரு மோதலின் பின்பும் கப்பலிழந்தோரைத் தேடிச் சேர்க்க இயன்ற நடவடிக்கைகள் யாவற்றையும் தாமதமின்றி எடுக்க வேண்டும் என்கின்றது 1949 ஆம் ஆண்டின் இரண்டாவது ஜெனீவா உடன்படிக்கை. ‘எம் படகில் இடமில்லை, ஆளுமில்லை’ என்ற விடை தயாராக இருக்கின்றது. நீர்மூழ்கிகளும் இவ்விடையையே சொல்லின. 1942 செப்ரெம்பரில் ஜேர்மன் தளபதி டோனிற்ஸ் தன் நீர்மூழ்கிகளுக்கு, மூழ்கிய கப்பல்களில் இருந்தோரைக் காப்பாற்ற வேண்டாம் எனக் கட்டளையிட்டார். அக்கட்டளை பின்னர் நூரம்பேர்க்கில் அவருக்கெதிராக எடுத்துரைக்கப்பட்டது. அங்கே எழுத்தில் ஒரு கட்டளை இருந்தது. கட்டளையிட்ட ஒருவரும் இருந்தார்.

ஆளில்லாக் கலங்களின் வேலை தாக்குதலோடு முடிவதில்லை. ஆஸ்திரேலியக் கடற்படை வாங்கிய ‘புளூபொட்டில்’ கலங்கள் சூரிய ஒளியாலும் காற்றாலும் அலையாலும் இயங்கி, பல வாரங்கள் கடலில் நின்று கண்காணிக்கக்கூடியவை. அவற்றில் ஆயுதமில்லை. கமராவும் ரேடாருமே உள. இத்தகைய ஒரு கலத்தின் கண்ணில் நீர் ஏறிக்கொண்டிருக்கும் மரப்படகொன்று பட்டால், அதன் படம் நொடியிற் கரையை அடைந்துவிடும். கலத்தால் ஒருவரையும் ஏற்றிக்கொள்ள இயலாது. அப்படத்தைப் பார்த்த அதிகாரி கப்பலொன்றை அனுப்பக் கடமைப்பட்டவரா என்பதற்கு, கப்பற் தலைவரை நோக்கி எழுதப்பட்ட 98 ஆவது உறுப்புரையின் சொற்களில் நேரான விடை இல்லை.