சந்தையா, காட்சிச்சாலையா?

ஒரு நகரத்தை அறிய வேண்டுமானால் முதலில் அதன் சந்தைக்குச் செல்ல வேண்டும் என்பது பயண நூலார் அனைவரும் ஓதும் பாடம். பாடம் நல்லதுதான். ஆயினும், அப்பாடத்தைக் கேட்ட இலட்சக்கணக்கான மக்கள் ஒரே சந்தைக்குள் வந்து குவிந்தால், அறியப்படுவதற்கு அங்கே நகரம் எஞ்சியிருக்குமா? இவ்வினாவைப் பயண நூலார் எழுப்புவதில்லை. ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரத்தார் பல்லாண்டுகளாக எழுப்பி வருகின்றனர். அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டோர் அந்நகரத்தார் மட்டுமல்லர். பயணம் போவோரும், போய்வந்து கட்டுரை எழுதுவோரும் ஆவர்.

பார்சிலோனாவின் புகழ்பெற்ற நடைவீதியான லா ராம்பிளாவின் ஓரத்தில் அமைந்துள்ளது பொக்கெரியா சந்தை. பழைய மதில்வாயிலின் அருகே இறைச்சி விற்கும் மேசைகள் இடப்பட்டிருந்தமை பற்றிய குறிப்பு 1217ஆம் ஆண்டிலேயே காணப்படுகிறது. 1835இல் எரிக்கப்பட்ட சூசையப்பர் மடத்தின் நிலத்தில், 1840ஆம் ஆண்டு மார்ச்சு 19ஆம் நாள், அப்புனிதரின் திருநாளன்றே, இன்றைய சந்தையின் கட்டுமானம் தொடங்கிற்று. 1914இல் இரும்புக் கூரை எழுந்தது. மீன், இறைச்சி, காய், கனி, காளான், உப்பிட்டு உலர்த்திய காட் மீன் என ஒரு நகரத்தின் அடுப்பங்கரைக்கு வேண்டிய அனைத்தும் அக்கூரையின் கீழ் விற்கப்பட்டன. பெற்றோரிடமிருந்து பிள்ளைகள் கடைகளைப் பெற்றனர். வாடிக்கையாளர் வீட்டில் என்று விருந்து, எத்தனை பேர் உணவருந்துவர் என்பது வரை கடைக்காரர் அறிந்திருந்தனர்.

அந்தச் சந்தைக்கு இன்று நேர்ந்திருப்பது என்ன? ஒரு கிலோ தக்காளி விற்பவருக்குக் கிடைக்கும் இலாபம் சிறிது. அதே மேசையில் பழத்தை நறுக்கி நெகிழிக் குவளையில் இட்டு விற்பவருக்குக் கிடைப்பது பெரிது. படம் பிடிப்போர் நெரிசலில், கூடையோடு வரும் மூதாட்டி மீன் கடையை அடைவதற்கே அரும்பாடு படுகிறாள். அடுத்த வாரம் அவள் வேறு சந்தையை நாடுகிறாள். அவள் போனபின் தக்காளி விற்பவருக்கு வாடிக்கை குறைகிறது. அவரும் குவளைக்கு மாறுகிறார். குவளை பெருகப் பெருகச் சுற்றுப்பயணிகள் பெருகுகின்றனர். கூடைகள் மேலும் குறைகின்றன. இதில் தீயவர் என்று எவரையும் சுட்ட இயலாது. தனித்தனியே நோக்கின் ஒவ்வொருவர் செயலும் நியாயமே. ஒருங்கே நோக்கின் அது ஒரு சந்தையின் அழிவு.

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. 2015ஆம் ஆண்டில் நகராட்சியே ஓர் ஆணை பிறப்பித்தது. வெள்ளி, சனிக்கிழமைகளில் காலை 8 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை, 15 பேருக்கு மேற்பட்ட சுற்றுலாக் குழுக்கள் பொக்கெரியாவினுள் நுழையலாகாது என்பதே அது. மக்கள் வீட்டுக்கு உணவுப்பொருள் வாங்கும் நாள்கள் அவை. தம் ஊர்ச் சந்தையில் தாம் காய்கறி வாங்குவதற்கு ஒரு மக்கள் கூட்டம் சட்டத்தின் துணையை நாட வேண்டியிருந்தது என்றால், அதனைவிட வெளிப்படையான சான்று வேறு யாது வேண்டும்?

“சுற்றுப்பயணிகளின் பணம் இல்லையேல் இச்சந்தைகள் என்றோ மூடப்பட்டிருக்கும், பேரங்காடிகள் அவற்றை விழுங்கியிருக்கும்” என்று வாதிடுவோர் உளர். பேரங்காடியின் போட்டி உண்மையே, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் பார்சிலோனாவில் நகராட்சியின் பொறுப்பில் ஏறத்தாழ 40 உணவுச் சந்தைகள் இயங்குகின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றின் பெயரைக்கூடச் சுற்றுப்பயணிகள் அறியார். அவை யார் பணத்தால் வாழ்கின்றன? அக்கம்பக்கத்து வீடுகளின் பணத்தாலேயே வாழ்கின்றன. 1882இல் திறக்கப்பெற்ற சாந்த் அந்தோனி சந்தை நெடுங்காலச் சீரமைப்புக்குப் பின் 2018இல் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கு உணவுக் கடைகளோடு, ஞாயிறுதோறும் பழைய நூல்களின் சந்தையும் கூடுகிறது. சந்தை வாழ்வது வாங்குவோரால். வேடிக்கை பார்ப்போரால் அன்று.

சந்தை எப்போது காட்சிச்சாலை ஆகலாம் என்பதற்கும் அந்நகரமே நல்லதோர் எடுத்துக்காட்டைத் தந்துள்ளது. 1876இல் எழுந்த போர்ன் சந்தை, வணிகம் வேறிடத்துக்கு மாற்றப்பட்டதால் 1971இல் மூடப்பட்டது. பின்னர் அதன் தரைக்கடியில், 1714ஆம் ஆண்டு முற்றுகைக்குப் பின் இடிக்கப்பட்ட பழைய நகர்ப்பகுதியின் சிதைவுகள் வெளிப்பட்டன. 2013இல் அக்கட்டடம் பண்பாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டது. இது நேர்மையான செயல். தன் பணி முடிந்த சந்தை நினைவுச்சின்னமாயிற்று. பொக்கெரியாவின் நிலையோ வேறு. உயிரோடிருக்கும்போதே அதற்கு நினைவுச்சின்னம் எழுப்பப்படுகிறது. மத்ரித் நகரின் சான் மிகேல் சந்தையும் அத்தகையதே. 1916இல் மக்களுக்கு உணவுப்பொருள் விற்கத் திறக்கப்பட்ட அந்த இரும்புக் கூடம், 2009 முதல் சிற்றுண்டிக் கூடமாக நடைபெறுகிறது. பெயர் மட்டும் இன்றும் சந்தை!

சந்தையின் கதை இவ்வாறாயின், இனிப்பின் கதையும் அதுவே. கத்தலான் மக்களின் நாட்காட்டியை அவர்தம் இனிப்புகளைக் கொண்டே எழுதிவிடலாம். சூசையப்பர் திருநாளில் மேலே சர்க்கரையைக் கருக்கிய பால்முட்டைக் களியான கிரெமா கத்தலானா. உயிர்ப்புத் திருநாளில் ஞானத்தந்தை தம் ஞானப்பிள்ளைக்குக் கொடுக்கும் மோனா. சூன் 23ஆம் நாள் இரவில் யோவான் திருநாளுக்கான கோக்கா. நவம்பர் முதல் நாள், அனைத்துப் புனிதர் திருநாளுக்கு, வாதுமை மாவில் பைன் விதை பதித்த பனல்யெட். கிறிஸ்துமசுக்கு, தேனும் வாதுமையும் சேர்த்துச் செய்த துர்ரோன். காத்திருந்து உண்பதே அவ்வினிப்பின் சுவை. ஆனால் மூன்று நாள் தங்கும் பயணிக்குக் காத்திருக்க நேரமில்லை. அவருக்காக நவம்பரின் இனிப்பு சூலையிலும், திசம்பரின் இனிப்பு ஏப்ரலிலும் கண்ணாடிப் பேழையில் அடுக்கப்படுகின்றன. நாள்தோறும் பொங்கல் கொண்டாடும் ஊரில் பொங்கல் என்பது ஏது?

தாபாஸ் என்னும் சிற்றுண்டிக்கு இழைக்கப்படும் தவறு இன்னும் பெரிது. ‘தாபா’ என்னும் சொல்லுக்கு மூடி என்பது பொருள். மன்னர் ஒருவரின் மதுக்கிண்ணத்தை ரொட்டித் துண்டால் மூடியதால் அப்பெயர் வந்தது என்று கதை சொல்வர். அம்மன்னர் யார் என்பதிலேயே ஒரு கதைக்கும் மறு கதைக்கும் ஒற்றுமையில்லை. ஆயினும் வழிகாட்டி நூல்கள் இதனை வரலாறாகவே அச்சிடுகின்றன. உண்மையில் தாபா என்பது உணவின் பெயர் என்பதைவிட, உண்ணும் முறையின் பெயர் எனலாம். தென்பகுதியான அந்தலூசியாவில் மக்கள் நின்றபடி இரண்டு வாய் உண்டு, நண்பரோடு பேசி, அடுத்த கடைக்கு நடப்பர். கிரனாதா நகரில் பானத்தோடு தாபாவை விலையின்றித் தரும் வழக்கம் இன்றும் உண்டு. கத்தலான் மக்களிடையே இதனினும் வேரூன்றிய வழக்கம், ஞாயிறு மதிய உணவுக்குமுன் உற்றாரோடு கூடி, ஒலிவக் காய், நெத்திலி முதலியவற்றோடு வெர்முத் அருந்துவதாகும். ஆனால் லா ராம்பிளாவில் நிகழ்வது யாது? மாலை 6 மணிக்கு, ஊர்மக்கள் இரவுணவை நினைத்தும் பாராத நேரத்தில், வண்ணப்படப் பட்டியலைச் சுட்டி ஒரு பெருந்தட்டு வரவழைத்து, அமர்ந்து உண்டு, “ஸ்பெயினின் பண்பாட்டைச் சுவைத்தோம்” என்று எழுதுகின்றனர். அவர்கள் சுவைத்தது தங்கள் எதிர்பார்ப்பையே.

அந்நகரில் வாழ்வோர் ஏறத்தாழ 17 இலட்சம் பேர். ஆண்டுதோறும் வந்து தங்கிச் செல்வோரோ ஒரு கோடிக்கும் மேற்பட்டோர். 2024 சூலையில் அங்கு ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் சென்றனர். சிலர் உணவகங்களில் அமர்ந்திருந்த பயணிகள்மீது நீர்த்துப்பாக்கியால் நீரைப் பீய்ச்சினர். விருந்தினரை அவ்வாறு நடத்துதல் முறையன்று. எனினும் நீர் பட்டதற்காக முகம் சுளிப்போர், வீட்டு வாடகையும் விலைவாசியும் ஏறிய அம்மக்களின் சினத்துக்குக் காரணம் வினவாதிருப்பதும் முறையன்று.

அங்ஙனமாயின் பயணமே வேண்டாமா? அவ்வாறு சொல்வது அறியாமை. வேண்டுவது பயணம், வேண்டாதது வேடிக்கை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் ஆரஞ்சுப் பழமே காட்டும். ஸ்பானிய மொழியில் அதன் பெயர் ‘நரான்ஹா’. அச்சொல் அரபு மொழியின் ‘நாரஞ்ச்’ என்பதிலிருந்தும், அது பாரசீகத்திலிருந்தும், அது வடமொழியின் ‘நாரங்க’ என்பதிலிருந்தும் வந்தது. வடமொழிச் சொல்லின் மூலம் திராவிடம் என்றும், நம் ‘நாரத்தை’ அதன் இனம் என்றும் மொழியறிஞர் பலர் கருதுவர். அரபியர் ஆண்ட நூற்றாண்டுகளில் கைப்பு நாரத்தையும் கரும்பும் அந்நாட்டு வயல்களில் பரவின. 1928இல் திறக்கப்பட்டு, இன்றும் ஊர்மக்கள் கூடையோடு செல்லும் வலென்சியா நடுவண் சந்தையில், தமிழ் மாணவர் ஒருவர் இரண்டு பழம் வாங்கி, அதன் பெயரை விற்பவரிடம் கேட்டறிந்தால், அவர் ஒரு சொல்லின் நெடும்பயணத்தையே கையில் ஏந்தியவராவார். அப்பழக் குவியலின்முன் நின்று தம்மைப் படமெடுத்துக்கொள்பவரோ பழத்தையும் கண்டிலர், சொல்லையும் கண்டிலர்.

பயணக் கட்டுரை எழுதப் பயிற்றும் ஆசிரியர்கள் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். “கண்கொள்ளாக் காட்சி”, “நாவில் நீர் ஊறியது” என்னும் தேய்ந்த தொடர்களுக்கு மதிப்பெண் வழங்கும் வரை, மாணவர் சந்தையைக் காட்சியாகவே காண்பர். அங்கே என்ன விற்கிறது, அதன் விலை என்ன, அதனை வாங்குபவர் யார், வாங்காமல் திரும்புபவர் யார் என்று எழுதச் சொல்லட்டும். கூட்டம் குறைந்த நேரத்தில் செல்லவும், வழியை மறிக்காது நிற்கவும், படமெடுக்குமுன் பொருள் வாங்கவும், பருவத்துக்குரிய இனிப்பையே கேட்கவும் கற்பிக்கட்டும். இவை சிறு செயல்களே. ஆனால் பொக்கெரியாவை நலிவித்தவையும் இத்தகைய சிறு செயல்களே அல்லவா?