சீட்டாட்டத்தில் பகடைக்கு என்ன வேலை?

“பகடை உருட்டத்தான் ஆசையென்றால் தாயம் ஆடப் போகலாமே!” மேஜிக் சீட்டாடும் விடுதித் தோழர்கள் சிலர் இப்படித்தான் சீறுகின்றனர். அடுத்த போட்டியில் பகடைச் சீட்டுகள் அனைத்தையும் விலக்கிவிட வேண்டுமாம். எனக்கு இதில் உடன்பாடில்லை.

அவர்கள் பக்கம் நியாயமே இல்லையென்று சொல்லவில்லை. கலைத்து வைத்த 60 சீட்டுகளிலும் தற்செயல் உண்டு. ஆயினும் அதற்குக் கரை கட்டுபவன் நான். ஒரு சீட்டை நான்கு படிகள் வைத்தால், முதலில் எடுக்கும் ஏழில் அது வந்து சேர நூற்றுக்கு 40 வாய்ப்பு. ஒன்றே வைத்தால் 12-க்கும் குறைவு. வந்ததைப் பார்த்த பிறகுதான் சிந்திக்கிறேன். பகடையோ, நான் சிந்தித்து முடித்தபின் வந்து தீர்ப்புச் சொல்கிறது! 1993-இல் வெளிவந்த ‘மிஜே ஜின்’ தாக்கப் புறப்படும்போதெல்லாம் நாணயம் சுண்ட வேண்டும். தவறினால் தாக்குதல் வீண். அங்கே ஆடுபவனுக்கு என்ன வேலை?

ஆனால் எல்லாப் பகடையும் அப்படியா? 1998-இல் வந்த ‘அன்குளூட்’ போன்ற வேடிக்கைத் தொகுதிகளோடு பெரும்பாலும் நின்றிருந்த பகடை, 2021-இல் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ உலகைத் தழுவிய தொகுதியில் இருபது முகங்களோடு முறையான ஆட்டத்துக்குள் நுழைந்தது. அதிலுள்ள ‘தி டெக் ஆஃப் மெனி திங்ஸ்’ என்ற சீட்டைப் பாருங்கள். பகடையில் விழுந்த எண்ணிலிருந்து கையிலுள்ள சீட்டுகளின் எண்ணிக்கையைக் கழிக்க வேண்டும். விடை 0 அல்லது அதற்குக் கீழே போனால் கைச்சீட்டு முழுவதும் பறிபோகும். கையில் ஐந்து இருந்தால் அந்த ஆபத்து நூற்றுக்கு 25. ஒன்றே இருந்தால் 5. வெறுங்கையாயின் ஆபத்தே இல்லை. அனைத்திலும் சிறந்த பயனைத் தரும் 20 என்ற விடையும் வெறுங்கையனுக்கே கிட்டும். அப்போது எதிரியின் இடுகாட்டிலிருந்தே ஒரு பிராணியை எழுப்பி என் பக்கம் நிறுத்தலாம். அது மீண்டும் மடிந்தால் தோற்பவன் எதிரி! கையைக் காலிசெய்வதா, காத்திருப்பதா? உருட்டுவதற்கு முன்பே மூளைக்கு இவ்வளவு வேலை இருக்கிறது. இதைச் சூதென்று தள்ளுவது எப்படிப் பொருந்தும்?

ஆகவே பகடைச் சீட்டுகள் போட்டியில் இருக்கட்டும் என்பதே என் வாக்கு. விதி செய்துதான் ஆக வேண்டுமென்றால் ஒன்று செய்யுங்கள். உயிர்க்கணக்கு வைக்கும் இருபது முகக் கட்டையை உருட்டுவதற்குப் பயன்படுத்தலாகாது. எண்ணி இறக்க வசதியாக அதில் எண்கள் வரிசையாக அடுத்தடுத்து அமைந்திருப்பதால், பெரிய எண்களெல்லாம் ஒரே பக்கம் கூடி நிற்கின்றன. கைதேர்ந்த தோழர்கள் நம் விடுதியில் இல்லாமலா இருக்கிறார்கள்?