கைராசியாவது ஒண்ணாவது!

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச விஷயம். போன வாரம் திண்டிவனத்துல பஸ்ஸுக்கு நிக்கும்போது ஒரு குட்டியானை வண்டி நிறைய ரோஜாச் செடி வந்துச்சு. சுத்தி ஒரே கூட்டம். மஞ்சள், ஆரஞ்சு, ரெண்டு கலர் கலந்ததுன்னு எல்லாரும் பூவைப் பார்த்தே எடுத்தாங்க. அடித்தண்டை ஒருத்தர்கூட பார்க்கல.

எங்க வீட்டுக் கதையும் இதுதான். விழுப்புரத்துல அம்மா இப்படி ஆசையா ஒண்ணு வாங்கி வச்சாங்க. இருந்த பூ உதிர்ந்துச்சு, அவ்ளோதான். அப்புறம் செடி என்னமா வளர்ந்துச்சு தெரியுமா? ஆளுயரம், முள்ளு, இலை. பூ மட்டும் கிடையாது. ரெண்டு வருஷம் பார்த்துட்டு பக்கத்து வீட்டு அக்கா சொல்லிட்டாங்க, "உனக்கு ரோஜாவுக்குக் கைராசி இல்லம்மா". அம்மா அதை நம்பிட்டாங்க. அதே கையால வச்ச கனகாம்பரமும் முருங்கையும் கொழுகொழுன்னு நிக்குது!

நடந்தது வேற. கடையில விக்கிற கலர் ரோஜா பெரும்பாலும் மொட்டு ஒட்டுக் கட்டினது. வேர் ஒரு காட்டு ரோஜாவுது, மேல இருக்கறது நாம ஆசைப்பட்ட ரகம். வெயில்லயோ தண்ணி தேங்கியோ மேல் பாகம் காஞ்சுட்டா, ஒட்டுக்குக் கீழ இருந்து காட்டு ரோஜா கிளம்பிடும். அம்மா ரெண்டு வருஷமா தண்ணி ஊத்தினது அதுக்குத்தான்.

என் கருத்து இதான்: நம்ம ஊருக்கு முதல் செடி பன்னீர் ரோஜாவா இருக்கட்டும். எட்வர்ட் ரோஸ்னும் சொல்வாங்க. இது குச்சி நட்டே வளர்றது. அதனால வேரும் அதேதான், அடியில இருந்து எது துளிர்த்தாலும் அதே பூதான். ஊட்டி அரசு ரோஜாப் பூங்கா 1995ல ஆரம்பிச்சு, 2006ல உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு விருதே வாங்கிடுச்சு. அது ஊட்டி குளிர். இங்க அக்னி நட்சத்திரத்துல 40 டிகிரி அடிக்குது. ஒட்டு ரோஜா இங்க வளராதுன்னு சொல்லல. ஆனா அதுக்கு ஒட்டு மண்ணுக்கு மேல தெரியுற மாதிரி நடணும், கீழ வர்ற துளிரை அப்பப்போ கிள்ளி எறியணும். புதுசா வைக்கிறவங்ககிட்ட இதை யார் சொல்றாங்க?

பன்னீர் ரோஜா சீக்கிரம் உதிரும், கலர் ஒண்ணுதான், ஒத்துக்கறேன். வாசனைக்கு ஈடு இருக்கா சொல்லுங்க!

வளர்க்கறது இவ்ளோதான்: பென்சில் கனத்துல ஒரு ஜாண் குச்சி, நாலஞ்சா நடுங்க, எல்லாமே வேர் விடாது. வேர் விட்டதும் ஒன்றரை அடிக் குழியில மக்கின சாணி எரு கலந்து, ஆறு மணி நேரமாவது வெயில் படற இடத்துல வைங்க. தண்ணி தேங்கக் கூடாது. காஞ்ச குச்சியை வெட்டி எறியுங்க, ஐப்பசி வாக்குல கவாத்து பண்ணுங்க. பாலும் சர்க்கரையும் கலந்த டீத்தூளை அப்படியே கொட்டாதீங்க, எறும்புதான் வரும். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா இருந்தா அது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறை. உப்புத் தண்ணி, சுண்ணாம்பு மண் இருக்கற வீட்டுல இது சகஜம்.

போன ஆடியில பன்னீர் ரோஜாக் குச்சி கொண்டு வந்தேன். "நீயே வை, என் கை வேணாம்"னாங்க அம்மா. விடல, அவங்களையே நட வச்சேன். அஞ்சுல ரெண்டு பிழைச்சுது. தை மாசம் முதல் பூ. சாமி படத்துக்கு வச்சுட்டு ஒண்ணும் பேசல. மறுநாள் அந்த அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாங்க :)

உங்க வீட்டுலயும் யாராவது கைராசி இல்லன்னு ஒதுங்கியிருந்தா, முதல்ல அந்தச் செடியோட அடித்தண்டைப் பாருங்க. தப்பு கையில இருக்காது.