வாள் ஓய்ந்தது, எழுதுகோல் எழுந்தது!

தோழா!

சீனத்தின் மூயே சமவெளியில், ஒரே காலைப்பொழுதில் ஓர் அரசு சாய்ந்தது. காலம் கி.மு. 1046 என்பது இன்று பலர் ஏற்கும் கணக்கு. வீழ்ந்தவன், ஷாங் மரபின் கடைசி மன்னன் தீ சின். வென்றவன், சௌ நாட்டு வூ.

வென்றோர் என்ன சொன்னார்கள்? விண்ணின் ஆணை கைமாறிவிட்டதாம்; வீழ்ந்தவன் கொடுங்கோலனாம்! கள் நிரம்பிய குளமாம், இறைச்சி தொங்கும் தோப்பாம்! 900 ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுதவந்த சூமா சியென், ஷாங் படை 7,00,000 என்றார். அந்தப் படையே ஈட்டியைத் திருப்பி வூவுக்கு வழிவிட்டது என்றார். அத்தனை பெரும்படை அந்நாளில் திரண்டிருக்க இயலாது என்பர் இன்றைய ஆய்வாளர்.

ஐயம் நேற்று முளைத்ததன்று. அவன் அவ்வளவு கொடியவனல்லன். தண்ணீரெல்லாம் பள்ளத்தை நாடுவதுபோல், உலகத்துப் பழியெல்லாம் தாழ்ந்தவனை நாடிற்று என்று கருதினார், கன்பூசியசின் மாணவர் சீகோங். 1924-இல் கூ சியேகாங் என்னும் வரலாற்றாசிரியர் பழைய நூல்களைக் கால வரிசையில் அடுக்கினார். முதல் ஏடுகளில் குற்றங்கள் சில. நூற்றாண்டு ஏற ஏறக் குற்றமும் ஏறி, எழுபதைத் தொட்டது! செத்தவன் எப்படிப் புதுக் குற்றம் செய்தான்?

மென்சியசின் ஐயம் வேறு வகை. குருதி வெள்ளத்தில் உலக்கை மிதந்ததென்று ஏடு கூற, அறவோன் வூவின் போரில் அத்தனை இரத்தமா என்று நம்ப மறுத்தார். ஆனால் மற்றொரு பழைய ஏடு, சௌ படை அறுத்த காதுகளுக்கும் பிடித்த கைதிகளுக்கும் கணக்கே வைத்திருக்கிறது. அதுவே நிகழ்ச்சிக்கு நெருங்கிய சான்று என்பர் ஆய்வாளர் பலர். பகை, பழியைச் சேர்த்தது. பற்று, குருதியைத் துடைத்தது!

1976-இல் லின்டோங்கில் ஒரு வெண்கலக் கலம் கிடைத்தது. அதில் நான்கே வரிகள். ஷாங்கை வூ தாக்கிய நாள், அது காலை வேளை என்ற செய்தி, சில நாள் கழித்து லீ என்னும் அலுவலன் பெற்ற பரிசு; அவ்வளவே. ஏடு சொன்ன நாளைக் கலமும் சொல்கிறது. குளத்தைப் பற்றியோ தோப்பைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை.

தோற்றவனுக்குத் தூபமிட நான் வரவில்லை, தோழா. ஷாங் மன்னர்கள் நரபலி இட்டதற்கு ஆன்யாங் மண்ணிலே எலும்புகள் சான்று கூறுகின்றன. அந்த மெய்க்குற்றம் போதாதா? பொய் எதற்கு?

மேடையேறும் தோழனே, இதை மறவாதே. மாற்றான் குற்றத்தைக் கூட்டிச் சொல்லாதே. நம்மவர் கறையைக் குறைத்துச் சொல்லாதே. நாளை ஒருவன் வருவான். நம் ஏடுகளையும் வரிசையாக அடுக்குவான். ஒரு பொய்யைக் கண்டுவிட்டால், நாம் சொன்ன நூறு மெய்யையும் அவன் நம்பமாட்டான்!